வைரக்கண்ணுவின் கைகள் ஓட்டிய கார்

அந்த மஞ்சள் கார் கிளம்புவதற்கு முன்னால் பின்பக்கத்தை ஒரு தூக்குத் தூக்கும். இறக்கும். மறுபடி தூக்கும். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறுகிறவனைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது என்னவென்று சொல்லவே வேண்டாம். ஆனால் அந்தப் பாலைவன ஊரின் மைதானத்தில் உட்கார்ந்திருந்த பன்னிரண்டாயிரம் பேரில் அப்படிப் பழகியவர்கள் குறைவு. ஏதோ புது ஸ்டைல் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

வைரக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டான். ஊர் கூடிப் பார்க்கத் தன் இடுப்புத் துணியை யாரோ சரிசெய்கிற மாதிரி இருந்தது அவனுக்கு. அந்தத் தூக்கு அவனுடையது. திருத்துறைப்பூண்டி–முத்துப்பேட்டை தடத்தில் இருபது வருசம் தனியார் பஸ் ஓட்டினான். ஒவ்வொரு டிரிப்புக்கும் முன்னால் அவன் கை தானாகச் செய்த வேலை அது. இப்போது அந்த வேலை காரிடம் போய்விட்டது. அவனுக்குக் கைலி கட்டத் தெரியவில்லை. எலாஸ்டிக் வைத்த பேண்ட் போட்டுக்கொண்டு, கழுத்தில் ஒரு தகர விசிலோடு, டீம் கூடாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

ஒன்பது மாதத்துக்கு முன்னால் அவன் விமானம் ஏறி வந்த அன்றைக்கே எல்லாம் ஆரம்பித்தது. ஒர்க்‌ஷாப்பில் அவனை எதிர்கொண்டவள் ஷெரின். பாலக்காட்டுப் பெண், டீமின் என்ஜினியர். தமிழும் மலையாளமும் அவள் வாயில் ஒரே டம்ளரில் ஊற்றின டீயும் காப்பியும் மாதிரி கலந்து வரும்.

"ரூல் சிம்பிளாணு அண்ணா," என்றாள். "வண்டிக்குள்ள ஆளு இருக்கக்கூடாது. முன்னே மூணு டிரைவர் மரிச்சுப் போயி. அதனால சீட்டு காலி. ஆனா கம்ப்யூட்டரும் ஓட்டக்கூடாது. அதப் பாக்க யாரு டிக்கெட் எடுப்பாங்க? மனுசக் கைதான் ஓட்டணும்."

"ஆளு இல்லாம கை மட்டும் எப்படிம்மா வரும்?"

"அதுக்குத்தான் இது." டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு பெட்டியைக் காட்டினாள். அதிலிருந்து வயர் வைத்த ரெண்டு கையுறை தொங்கியது. "கையோட பழக்கம் மட்டும் இதுல எறங்கும். ஒரு பழக்கம் ஒரு இடத்துலதான் இருக்கணும்னு நியமம் இருக்கு. காப்பி எடுக்க விட்டா எல்லா டீமும் ஒரே சாம்பியன் கையை வாங்கிப் போட்டுடுவாங்க, கேட்டோ. அதனால பெட்டிக்குப் போச்சுன்னா உங்ககிட்ட இருக்காது."

"வலிக்குமா?"

"இல்ல. கொஞ்சம் சும்மா இருக்கிற மாதிரி இருக்கும்."

டிரிஃப்ட் பந்தயம் என்றால் என்ன என்பதையும் அவள்தான் சொன்னாள். முதலில் வருகிறவனுக்கு அதில் பரிசு கிடையாது. எவ்வளவு கோணலாகப் போகிறாய், எவ்வளவு புகை விடுகிறாய், முன்னால் போகிற காரை இடிக்காமல் எவ்வளவு ஒட்டிப் போகிறாய், இதற்குத்தான் மார்க். வைரக்கண்ணு வாய்விட்டுச் சிரித்தான். முத்துப்பேட்டை ரோட்டில் இதற்கு போலீஸ் அபராதம் போடும்.

பங்குனியில் உளுந்து அறுப்பு வந்தால் அந்த ரோடு முழுக்கச் செடியைப் பரப்பிவிடுவார்கள். பஸ் டயர் ஏறி நசுக்கினால் உளுந்து உதிரும், அடிக்கிற வேலை மிச்சம். அதன்மேல் பிரேக்கைத் தொட்டால் போதும், பஸ் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்க ஆரம்பித்துவிடும். ஐம்பத்திரண்டு பேரோடு அப்படி நண்டு நடை போய், மீன்காரம்மா கூடையிலிருந்து ஒரு மத்தி கூடக் கீழே விழாமல் வளைவைத் திருப்பியவன் வைரக்கண்ணு. ஏஜெண்டு ஊர் தேடி வந்து அவன் கையைக் கேட்டதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

பெட்டி அவன் கையை எடுத்துக்கொண்டது. காரில் மாட்டினார்கள். கார் என்றால் பழைய ஜப்பான் கார். பின்சீட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, லாரி இழுக்கிற அளவுக்கு ஒரு எஞ்சினைத் திணித்து, முன்சக்கரம் கதவைத் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு மடங்கும்படி செய்து, பின்னால் நாலு வேட்டி காயப் போடலாம் போல ஒரு றெக்கை வைத்திருந்தார்கள்.

பெட்டிக்கு எது டிரைவிங், எது டிரைவிங் இல்லை என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விட்டது. கைலி கட்டுவது போனது. பரோட்டா பிய்ப்பது போனது. அது எப்படி ஸ்டியரிங்கில் சேர்ந்தது என்று ஷெரினுக்கே விளங்கவில்லை. கையாட்டுவதும் போனது. எதிரே வருகிற வண்டிக்காரர்களுக்கு ஒரு நாளைக்கு நூறு தடவை கையாட்டியவன், வீடியோ காலில் பெண்டாட்டிக்கு டாட்டா காட்டலாம் என்று கையைத் தூக்கினால், கை முகத்துக்கு நேரே வந்து, அடுத்து என்ன என்று கேட்கிற மாதிரி நிற்கும்.

"என்னங்க, அடிக்கப் போற மாதிரி கையை ஓங்குறீங்க," என்றாள் அமுதா.

"டாட்டாடி."

"டாட்டாவா இது? சாமி வரம் குடுக்குற மாதிரி இருக்கு."

அமுதா முத்துப்பேட்டையில் இறால் கம்பெனியில் சூப்பர்வைசர். வேலைக்கு வரும் பெண்களை ஏற்றி இறக்க கம்பெனி ஒரு வேன் வாங்கியிருந்தது. அதை ஓட்ட அவனுக்காக அவள் சொல்லி வைத்திருந்தாள். மாசி பிறந்தால் சேர வேண்டும். அவன் அந்தப் பெண்களை வேனில் ஏற்றுவதற்கு முதலில் கை வேண்டும்.

காரிடம் கை சும்மா இருக்கவில்லை. முதல் பந்தயத்தில், ஓரமாக நின்ற கொடிக்காரன் புறாவை விரட்டக் கையைத் தூக்கினான். நூறு மைல் வேகத்தில் புகை கக்கிக்கொண்டு போன கார் அவன் பக்கத்தில் போய்ப் பட்டென்று நின்றது. இடது கதவு திறந்துகொண்டது. கொடிக்காரன் பயந்துபோய்க் காரைப் பார்த்தான். கார் அவன் ஏறுவதற்காகக் காத்திருந்தது. பின்னால் வந்த கார் ஹாரன் அடித்தது. மஞ்சள் கார் திருப்பி அதைவிடப் பெரிசாக அடித்தது. ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தவன் பேச்சை நிறுத்திவிட்டான்.

கூடாரத்தில் உட்கார்ந்திருந்த வைரக்கண்ணு தன்னை அறியாமல் நாக்கை மடித்து ரெண்டு விசில் அடித்தான். கதவு சாத்திக்கொண்டது. கார் போய்விட்டது.

"எந்தா அண்ணா இது?" என்றாள் ஷெரின்.

"ஒரு விசிலு அடிச்சா நில்லுன்னு அர்த்தம். ரெண்டு விசிலு அடிச்சா ரைட்டு, போலாம்னு அர்த்தம். கண்டக்டரு அடிக்கிறது."

ஷெரின் விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். ரிமோட் கூடாது, ரேடியோ கூடாது என்று இருந்தது. விசிலைப் பற்றி ஒரு வரி இல்லை. மறுநாளே அவன் கழுத்தில் தகர விசில் ஏறியது. இருபது வருசம் டிரைவராக இருந்தவன் கண்டக்டர் ஆனான்.

இன்னொரு கோளாறும் இருந்தது. தினமும் மூணு நாற்பதுக்கு, ஒர்க்‌ஷாப்பில் சும்மா நிற்கிறபோது கூட, கார் ஒரு தடவை லைட்டை அடித்து, பக்கத்துக் கண்ணாடியை மடக்கி விரிக்கும். ஷெரின் மூணு தடவை வயரிங்கைப் பிரித்துப் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. வைரக்கண்ணுவும் யோசித்துப் பார்த்தான். கேம்ப் அறையில் அவனோடு பேச ஆள் இல்லை. அதனால் அந்த நேரத்துக்கு ஒர்க்‌ஷாப்பில் காருக்குப் பக்கத்தில் போய் நின்று, "என்னடா," என்று கேட்டுவிட்டு வருவான்.

இப்படியே தட்டுத் தடுமாறி, கொடிக்காரர்களிடம் கையைத் தூக்காதீர்கள் என்று கெஞ்சி, மஞ்சள் கார் இறுதிப் போட்டி வரைக்கும் வந்துவிட்டது. ஒட்டிப் போவதில் அதை அடிக்க ஆள் இல்லை. முன்னால் போகிற காரில் தன் பாசஞ்சர் ஏறிவிட்டான் என்கிற மாதிரி விரட்டும்.

இன்றைக்கு ஜெயித்தால் டீம் ஓனர் காரைக் கண்ணாடி அறையில் காட்சிக்கு நிறுத்திவிடுவார். கை வைரக்கண்ணுவுக்குத் திரும்பி வந்துவிடும். தோற்றால் கார் பின்லாந்துக்காரர் ஒருவருக்குப் போகிறது. கையோடு. மூணு வருசத்துக்கு. ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. இங்கிலீஷில் இருந்ததால் அவன் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தான்.

எதிர் டீமின் கார் பச்சை. முதல் ஓட்டத்தில் அது முன்னால் போக வேண்டும், மஞ்சள் துரத்த வேண்டும். ரெண்டும் கோட்டில் வந்து நின்றன. கிளம்பும் முன் பச்சைக் கார் ஹாரன் அடித்தது. பாம், பாம், பபபாம்.

வைரக்கண்ணு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

"ஷெரினு. அந்தக் காரு யாரு கை?"

"பேர் வெளிய சொல்ல மாட்டாங்க அண்ணா. பெட்டி மேல ஒட்டுற சீட்டு மட்டும்தான் லிஸ்ட்ல இருக்கும்." அவள் போனில் தேடினாள். தேடிவிட்டு முகத்தைச் சுளித்தாள். "இது தப்பு போல. நம்ம பெட்டி மேல உள்ளதே அங்கயும் இருக்கு. திருத்துறைப்பூண்டி டு முத்துப்பேட்டை."

ஏஜெண்டு பெட்டிக்கு ஆள் பேர் எழுதாமல் பஸ் போர்டு எழுதியிருந்தான். அந்தத் தடத்தில் டிரைவரை யாரும் பேர் சொல்லிக் கேட்பதில்லை. எந்த வண்டி, எத்தனை மணி வண்டி என்றுதான் கேட்பார்கள்.

"பக்கிரிசாமி," என்றான் வைரக்கண்ணு.

பக்கிரிசாமி அடுத்த கம்பெனி பஸ்ஸின் டிரைவர். ரெண்டு வண்டிக்கும் நாலு நிமிசம்தான் இடைவெளி. முன்னால் போகிறவன் நின்று நின்று ஆளை அள்ளுவான், பின்னால் வருகிறவன் முட்டிக்கொண்டு வந்து விரட்டுவான். பஸ் ஸ்டாண்டில் சட்டையைப் பிடித்துக்கொண்டதெல்லாம் உண்டு. ஆனால் சாயங்காலம் ஐந்து பத்துக்கு எடையூர் பாலத்தில் ரெண்டு வண்டியும் எதிரெதிரே வரும். அப்போது ஜன்னலுக்கு ஜன்னல் ஒட்டி நிறுத்திக்கொள்வார்கள். வெற்றிலை கைமாறும். எந்த வளைவில் செக்கிங் நிற்கிறான், யார் வீட்டில் காது குத்து, எல்லாம் ரெண்டு நிமிசத்தில் பேசி முடித்துவிடுவார்கள். பின்னால் எத்தனை வண்டி ஹாரன் அடித்தாலும் சரி. ஒரே பக்கமாகப் போனால் பகை, எதிரே வந்தால் சொந்தம். அந்தத் தடத்தின் சட்டம் அது.

நாலு வருசத்துக்கு முன்னால் ஒரு நாள் பாலத்தில் பக்கிரி நிறுத்தினான். வைரக்கண்ணு நிற்கவில்லை. லேட்டாகிவிட்டது என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டான். மறுநாள் அந்த பஸ்ஸை வேறொருத்தன் ஓட்டி வந்தான். பக்கிரி வெளிநாடு போய்விட்டானாம். எந்த நாடு என்று கூட அவனுக்குத் தெரியவில்லை.

கொடி இறங்கியது. ஒரே பக்கமாகப் போனால் பகை. அன்றைக்கு அந்த மைதானம் பார்த்த மாதிரி ஒரு ஓட்டம் முன்னால் நடந்திருக்காது. பச்சைக் கார் கோணலாகப் போய்ப் பாதையை அடைத்தது. மஞ்சள் கார் அதன் கதவில் மூக்கை வைத்து, மூணு விரல் இடைவெளியில், புகைக்குள் காணாமல் போய்ப் புகைக்குள்ளிருந்து வந்தது. ரெண்டும் நிறுத்தாமல் ஹாரன். ஒரு வளைவில் மஞ்சள் கார் ஜன்னல் கண்ணாடியை இறக்கியதைப் பார்த்து வைரக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டான். அந்த இடத்தில் அவன் என்ன சொல்லித் திட்டுவான் என்பது அவனுக்குத்தான் தெரியும்.

"மார்க் பாருங்க அண்ணா," என்றாள் ஷெரின். "நமக்குத் தொண்ணூத்தி ஒம்பது. அடுத்த ஓட்டம் நாம முன்னால. கோட்டைத் தாண்டினாப் போதும். உங்க கை வந்தாச்சு."

ரெண்டாவது ஓட்டம். மஞ்சள் முன்னால் போனது, பச்சை விரட்டியது. முதல் வளைவு சரி. ரெண்டாவது வளைவு சரி. மூணாவது வளைவில் நின்ற கொடிக்காரனின் கண்ணில் வெயில் பட்டது. பாவம், கையைத் தூக்கி நெற்றிக்கு மறைப்பு வைத்தான்.

பாசஞ்சர்.

மஞ்சள் கார் பிரேக் அடித்தது. அந்த வேகத்தில் அது நிற்குமா? அரைச் சுற்றுச் சுற்றி, வந்த பக்கம் பார்த்துத் திரும்பிக்கொண்டது. எதிரே பச்சைக் கார் வந்துகொண்டிருந்தது. கூட்டம் எழுந்து நின்றது. ஷெரின் முகத்தை மூடிக்கொண்டாள். பெரிய பலகையில் மணி மூணு நாற்பது.

பச்சைக் கார் இடிக்கவில்லை. வேகத்தைக் குறைத்தது. லைட்டை ஒரு தடவை அடித்தது. மஞ்சள் கார் லைட்டை அடித்தது. மெல்ல உருண்டு வந்து, டிரைவர் ஜன்னலுக்கு டிரைவர் ஜன்னல் நேராக, ரெண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுவிட்டன. ரெண்டு ஜன்னல் கண்ணாடியும் கீழே இறங்கின.

மூணு நாற்பது. ஊரில் ஐந்து பத்து.

பன்னிரண்டாயிரம் பேர் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பச்சைக் கார் மெதுவாக ஒரு ஹாரன் கொடுத்தது. மஞ்சள் கார் வைப்பரை ஒரு தடவை போட்டது. பச்சை ஏதோ கேட்டது. மஞ்சள் எஞ்சினை லேசாக உறுமிப் பதில் சொன்னது. அவசரம் என்கிற பேச்சே ரெண்டு காரிடமும் இல்லை.

ஒலிபெருக்கி அறிவித்தது. மூணு நிமிசத்துக்குள் நகராவிட்டால் ரெண்டு காரும் போட்டியிலிருந்து நீக்கம். ரெண்டுக்கும் தோல்வி.

வைரக்கண்ணு கம்பி வேலியோரமாக ஓடினான். எதிர்ப் பக்கமிருந்து ஒரு ஆள் ஓடி வந்தான். தலையில் ஒரு முடி இல்லை. மீசை மட்டும் முன்னைவிடப் பெரிசாக இருந்தது.

"யோவ் வைரம்."

"பக்கிரி. முடிய எங்கய்யா வுட்ட?"

"தண்ணி உப்பு. மீசைய மட்டும் வாங்குற தண்ணில கழுவிக் காப்பாத்தி வச்சிருக்கேன்." பக்கிரிசாமி மூச்சு வாங்கினான். "நீ எளைச்சிட்ட. பரோட்டா திங்கிறதில்லயா?"

"பிய்க்கத் தெரியல."

"எனக்கும்தான். கத்திய வச்சு வெட்டித் திங்கிறேன், கேக்கு மாதிரி."

வேலிக்கு அந்தப் பக்கம் கார்கள் பேசிக்கொண்டிருந்தன. ஒலிபெருக்கி ரெண்டு நிமிசம் என்றது.

"அன்னிக்கிப் பாலத்துல ஏன்யா நிக்கல?" என்று கேட்டான் பக்கிரிசாமி.

"நாலு நிமிசம் லேட்டு. முன்னால கவர்மெண்டு வண்டி போயிட்டான்."

"ஒரு சேதி சொல்லணும்னு நின்னேன்."

"இப்பச் சொல்லு."

பக்கிரிசாமி வேலிக் கம்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "ஏஜெண்டு எங்கிட்ட வந்தப்ப, ஒன்ன மாதிரியே ஒட்டி ஓட்டுறவன் வேற எவனாச்சும் இருக்கானான்னு கேட்டான். ஒம் பேரக் குடுத்துட்டேன். ஒனக்கு வேணாம்னா பேர அடிச்சிடச் சொல்றேன்னு கேக்கத்தான் நின்னேன். நீ போயிட்ட. பேரு அவன் நோட்டுலயே கெடந்துட்டு."

வைரக்கண்ணு கம்பிக்கு இன்னும் பக்கத்தில் வந்தான்.

"ஏன்யா குடுத்த?"

"நீ இல்லாம இங்க வந்து நான் யாரைய்யா வெரட்டுறது?"

ஒலிபெருக்கி ஒரு நிமிசம் என்றது. பக்கிரிசாமியின் கண் வைரக்கண்ணுவின் கழுத்து விசிலுக்குப் போனது.

"நீ ஊதினா ரெண்டும் கெளம்பும்," என்றான். "ஆனா ஒண்ணு சொல்லிடுறேன். ஒன் வண்டி திரும்பி நிக்கிது. ஊதின ஒடனே என் வண்டி நேராப் போயிக் கோட்டத் தாண்டிடும். எனக்குத்தான் ஜெயிப்பு, எனக்குத்தான் கை. யோசிச்சுக்க."

"ஊதலன்னா?"

"ரெண்டு பேருக்கும் கை இல்ல."

"நீ ஊதேன்."

"பல்செட்டுய்யா. காத்து பக்கமாப் போயிடும். ஊத முடிஞ்சாலும் ஊத மாட்டேன். நான்தான ஒன்ன இங்க இழுத்துட்டு வந்தேன்."

கூடாரத்திலிருந்து ஷெரின் ரெண்டு கையையும் ஆட்டினாள். ஊது என்கிறாளா, ஊதாதே என்கிறாளா தெரியவில்லை. வைரக்கண்ணு விசிலை வாயில் வைத்தான். இறால் கம்பெனி வேன் நினைவுக்கு வந்தது. அமுதா நினைவுக்கு வந்தாள். ஒலிபெருக்கி முப்பது என்றது. இருபது என்றது.

"ஊதப் போறதுன்னா ஊதிடேன்யா," என்றான் பக்கிரிசாமி.

"இரு. பேசி முடிக்கட்டும்."

பச்சைக் கார் கண்ணாடியை மடக்கி விரித்தது. மஞ்சள் காரும் மடக்கி விரித்தது. ஒலிபெருக்கி மூணு என்று சொல்லும்போது வைரக்கண்ணு ரெண்டு விசில் ஊதினான்.

ரெண்டும் கிளம்பின. பச்சைக் கார் நேராகப் போய்க் கோட்டைத் தாண்டியது. மஞ்சள் கார் வந்த வழியே கிளம்பிய இடத்துக்குத் திரும்பியது. ரிட்டர்ன் டிரிப். ஓரமாக, பின்பக்கமாகப் போய், அளவெடுத்த மாதிரி நின்று, எஞ்சினை அணைத்தது. கூட்டம் கைதட்டியதில் யார் ஜெயித்தார் என்று அறிவித்தது யாருக்கும் கேட்கவில்லை.

அரைமணி கழித்து, எதிர் டீமின் கூடாரத்தில் பக்கிரிசாமியின் பெட்டியையும் கையுறையையும் மேசைமேல் வைத்தார்கள். மஞ்சள் டீமிலிருந்து ஷெரினும் வைரக்கண்ணுவும் வந்திருந்தார்கள். பக்கிரிசாமி கையுறையை எடுத்தான். போட்டுக்கொள்ளவில்லை.

"ஏம்மா," என்றான் ஷெரினைப் பார்த்து. "இந்தக் கையி எனக்குத்தான் எறங்குமா, வேற ஆளுக்கும் எறங்குமா?"

"கை கைதான் அண்ணா. காருக்கே எறங்குதே."

பக்கிரிசாமி கையுறையை வைரக்கண்ணுவின் மடியில் போட்டான். "போட்டுக்க."

"யோவ்."

"ஒரே ரூட்டுதானய்யா. வளைவு, மேடு, பள்ளம் எல்லாம் அதுக்குத் தெரியும். எனக்கு ஊருல வேன் காத்துக்கிட்டு இல்ல. கையாட்டினா திருப்பி ஆட்டவும் ஆளு இல்ல. நீ கொண்டுக்கிட்டுப் போ. மூணு வருசம்."

"நீ என்ன பண்ணுவ?"

"பின்லாந்துக்காரன்ட்ட பேசிட்டேன். காரு நடுரோட்டுல நின்னு கதவத் தொறந்தா என்ன பண்ணுவன்னு கேட்டேன். முழிச்சான். ஒன் கைக்கு ஒரு கண்டக்டரு வேணும்ல." விசிலுக்காகக் கையை நீட்டினான்.

வைரக்கண்ணு விசிலைக் கழற்றிக் கொடுத்தான். பக்கிரிசாமி வாயில் வைத்து ஊதிப் பார்த்தான். விசிலோடு பல்செட்டும் பாதி வெளியே வந்தது. உள்ளே தள்ளிவிட்டு மறுபடி ஊதினான். பழகிவிடும் என்றான்.

மாசி மாதம் இறால் கம்பெனி வேன் ஓட ஆரம்பித்தது. பெண்கள் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார்கள்.

"என்னண்ணே, இல்லாத மீசைய முறுக்கிறீங்க?" என்றாள் முன் சீட்டு ராஜகுமாரி. வைரக்கண்ணுவுக்கு வழுவழு முகம். ஆனால் வளைவு தாண்டினால் வலது கை தானாக மேலே போய், மூக்குக்குக் கீழே காற்றைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கும். ஹாரனும் மாறியிருந்தது. பாம், பாம், பபபாம். கைலி கட்ட வந்தது. ஆனால் பக்கிரி மாதிரி இடது பக்கமாகச் செருகியது. பரோட்டா பிய்க்க வந்தது.

முதல் வாரமே இன்னொன்றும் நடந்தது. ஐந்து மணிக்கு ஷிப்ட் விட்டு, ஐந்து பத்துக்கு வேன் எடையூர் பாலத்தில் ஏறியது. கை போய் ஹேண்ட் பிரேக்கை இழுத்தது. வேன் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. ஜன்னல் கண்ணாடி இறங்கியது. எதிரே ஒரு வண்டியும் இல்லை.

"யாரண்ணே ஏறப் போறா?" என்றாள் ராஜகுமாரி.

"யாருமில்ல. கை நிக்கிது. நான் என்ன பண்ண."

அப்போது போன் அடித்தது. பின்சீட்டில் இருந்த அமுதா எடுத்துப் பார்த்துவிட்டு அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். படத்தில் எல்லாம் வெள்ளை. பனியின் நடுவில் மஞ்சள் கார் ஜன்னலை இறக்கிவிட்டு நின்றுகொண்டிருந்தது. குரங்குக் குல்லா போட்ட பக்கிரிசாமி முன்னால் வந்தான்.

"யோவ் வைரம், ஒன் கைக்குக் கிறுக்குப் புடிச்சிட்டா? தெனம் இந்த நேரத்துக்கு மொட்டக் காட்டுல கொண்டாந்து நிறுத்துது. இங்க மத்தியானம் ஒண்ணு நாப்பது. ஊருல மணி என்ன?"

"அஞ்சு பத்து. நான் பாலத்துல நிக்கிறேன். ஒன் கை நிறுத்திட்டுது."

பக்கிரிசாமி போனைத் தூக்கி மஞ்சள் காரின் ஜன்னலுக்கு நேரே பிடித்தான். அமுதா, சொல்லாமலே, போனை வேனின் ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். அந்தப் பக்கம் ஒரு ஹாரன். இந்தப் பக்கம் ஒரு ஹாரன். பின்னால் ரெண்டு மோட்டார் சைக்கிளும் ஒரு டிராக்டரும் வந்து நின்று கத்த ஆரம்பித்தன.

ரெண்டு நிமிசம் ஆனதும் பின்லாந்திலிருந்து ரெண்டு விசில் வந்தது. கொஞ்சம் காற்று ஒழுகிய விசில்தான். வேன் கிளம்பியது.

"அண்ணனை நான் கேட்டதாச் சொல்லுங்க," என்றாள் அமுதா, போனை மடியில் வைத்துக்கொண்டு.

"நீயே சொல்லேன். கை இங்கதான இருக்கு."

அமுதா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த வலது கையைப் பார்த்துக் கேட்டாள்.

"நல்லாருக்கீங்களாண்ணே?"

கை மெல்ல மேலே போய், இல்லாத மீசையை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு, ஸ்டியரிங்குக்குத் திரும்பியது.